பதினெட்டு தாண்டியவர், சொந்த விருப்பம், இருந்தும் காப்பகம்

2022 மே மாதக் கடைசியில் எல்லா டிவியிலும் ஒரு வரி ஓடியது: ‘பாலியல் தொழில் குற்றமல்ல, உச்ச நீதிமன்றம் அதிரடி’. வரவேற்றவர்கள் இருந்தார்கள், நாடு எங்கே போகிறது என்று தலையில் அடித்துக்கொண்டவர்களும் இருந்தார்கள். இரண்டு தரப்பும் படித்தது அந்த ஒரே வரியைத்தான். வயது வந்த ஒருவர் தன் சம்மதத்தோடு இந்தத் தொழிலில் இருக்கிறார் என்பது தெளிவானால் போலீஸ் தலையிடக் கூடாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டதாக இன்றைக்கும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அதே நாளிதழ்களின் உள்பக்கத்தில் இன்னொரு வகைச் செய்தியும் நிற்காமல் வந்துகொண்டிருக்கிறது. ‘மசாஜ் சென்டர் பெயரில் விபசாரம், புரோக்கர் கைது, இளம்பெண்கள் மீட்பு, அரசு காப்பகத்தில் ஒப்படைப்பு.’ குற்றமே இல்லையென்றால் காப்பகம் எதற்கு? அந்தப் பெண்கள் அங்கே எத்தனை நாள் இருப்பார்கள்? வெளியே வர யார் கையெழுத்துப் போட வேண்டும்? இதைக் கேட்கும் செய்தி எதுவும் கண்ணில் படுவதில்லை.

இரண்டு செய்திகளும் முட்டிக்கொள்வதுபோலத் தெரிந்தாலும், சட்டப்படி முட்டல் ஏதும் இல்லை. அதுதான் உறுத்துகிறது. பணம் வாங்கிக்கொண்டு உடலுறவு கொள்வது இந்தியாவில் 2022க்கு முன்பும் தனிக் குற்றமாக இருக்கவில்லை. அதைச் செய்கிற பெண்ணை அவள் சம்மதத்துக்கு மாறாக மூன்று வருடம் வரை பூட்டி வைக்கும் அதிகாரம் 2022க்குப் பிறகும் அப்படியே இருக்கிறது.

உத்தரவில் இருந்ததும் இல்லாததும்

வழக்கு ஒரு கொலையில் தொடங்கியது. 1999இல் கொல்கத்தாவில் ஒரு பாலியல் தொழிலாளி அடித்துக் கொல்லப்பட்டார். கொன்றவரின் மேல்முறையீட்டை 2011 பிப்ரவரியில் தள்ளுபடி செய்த உச்ச நீதிமன்றம், அதோடு கோப்பை மூடாமல், இந்தப் பெண்களின் மறுவாழ்வு குறித்துத் தானாகவே விசாரிக்கத் தொடங்கியது. அந்த ஆண்டு ஜூலையில் மூத்த வழக்கறிஞர் பிரதீப் கோஷ் தலைமையில் ஒரு குழு அமைந்தது. கொல்கத்தா பாலியல் தொழிலாளர்களின் அமைப்பான தர்பார் மகளிர் சமன்வயக் குழுவுக்கும் அதில் இடம் இருந்தது. குழு பல வருடம் உட்கார்ந்து பேசிப் பரிந்துரைகள் கொடுத்தது. அவற்றின் பேரில் நீதிபதிகள் நாகேஸ்வர ராவ், கவாய், போபண்ணா ஆகியோர் 2022 மே 19 அன்று பிறப்பித்ததுதான் டிவியில் ஓடிய உத்தரவு.

அதில் பத்துப் பரிந்துரைகள் இருந்தன. ஆறில் மத்திய அரசுக்கு ஆட்சேபம் இல்லை. நான்கில் ‘தயக்கம்’ இருப்பதாக அரசு வழக்கறிஞர் சொன்னார். எந்த நான்கு? சம்மதத்தோடு தொழில் செய்யும் வயது வந்தவர்மீது போலீஸ் நடவடிக்கை கூடாது என்பது முதலாவது. ரெய்டில் விபசார விடுதி நடத்துபவரைப் பிடிக்கலாம், அங்கிருக்கும் பெண்களைக் கைது செய்யவோ துன்புறுத்தவோ கூடாது என்பது இரண்டாவது. அவர்களைப் பற்றிய முடிவுகளில் அவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது மூன்றாவது. தாயின் தொழிலைக் காரணம் காட்டிக் குழந்தையைப் பிரிக்கக் கூடாது என்பது நான்காவது. ஆட்சேபம் இல்லாத ஆறை அரசியல் சாசனத்தின் 142வது பிரிவின்படி நடைமுறைப்படுத்தச் சொன்ன நீதிமன்றம், மற்ற நான்குக்கும் ஆறு வாரத்தில் பதில் தாக்கல் செய்யும்படி அரசிடம் சொன்னது. நாடு முழுவதும் கொண்டாடப்பட்ட, திட்டப்பட்ட அந்தச் ‘சம்மத’ வரி இந்த நான்கில் ஒன்று. நீதிமன்றம் அதைக் கட்டளையாக்கவே இல்லை.

கட்டளையான ஆறும் சாதாரணமானவை அல்ல. ரெய்டில் சிக்கிய ஆணுறையைக் குற்றத்தின் தடயமாகக் காட்டக் கூடாது. பாலியல் வன்முறை பற்றிப் புகார் தர வரும் பாலியல் தொழிலாளிக்கு மற்றவர்களுக்குக் கிடைக்கும் அத்தனை மருத்துவ, சட்ட உதவியும் கிடைக்க வேண்டும். காப்பகங்களில் விருப்பமில்லாமல் அடைபட்டிருக்கும் வயது வந்த பெண்களை மாநில அரசுகள் கணக்கெடுத்து விடுவிக்க ஏற்பாடு செய்ய வேண்டும். ‘மீட்பு நடவடிக்கை’ என்ற பெயரில் பெண்களைப் படம் பிடித்து ஒளிபரப்பும் ஊடகங்கள்மீது, ஒளிந்திருந்து படம் எடுக்கும் குற்றத்துக்கான சட்டப் பிரிவே பாய வேண்டும். இந்த ஆறுக்கு வெளியே, அதே உத்தரவில் ஆதார் பற்றியும் இருந்தது: அட்டைக்கு முகவரிச் சான்று கேட்காமல், மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தின் திட்ட இயக்குநர் தரும் சான்றே போதும். அட்டையில் தொழிலைக் காட்டிக்கொடுக்கும் எந்தக் குறியீடும் இருக்கக் கூடாது. ஆணுறை விஷயம் ஒன்றே போதும், இது எவ்வளவு பெரிய காரியம் என்று விளங்க. பையில் ஆணுறை இருந்தால் கேஸ் என்ற பயத்தில் அது இல்லாமல் வேலைக்குப் போன பெண்கள் எத்தனையோ பேர். ஒரு பக்கம் எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் இலவசமாகக் கொடுக்கும், மறுபக்கம் அதையே ஸ்டேஷனில் மேஜைமேல் பரப்பி வைத்துப் போட்டோ எடுப்பார்கள்.

இரண்டு பேர் சேர்ந்தால் விடுதி

ரெய்டு எந்தச் சட்டப்படி நடக்கிறது என்று பார்க்கலாம். 1956இல் இயற்றி, 1986இல் திருத்திப் பெயரும் மாற்றிய விபசாரத் தடுப்புச் சட்டம். வக்கீல்கள் வாயில் ஐடிபிஏ. தொழில் செய்வதைக் குற்றம் என்று இது எங்கும் சொல்வதில்லை. அதைச் சுற்றியிருக்கும் எல்லாவற்றையும் குற்றமாக்குகிறது. விடுதி நடத்துவது, அடுத்தவரின் தொழில் வருமானத்தில் பிழைப்பது, ஆள் சேர்ப்பது, கோயில், பள்ளி, மருத்துவமனை போன்றவற்றிலிருந்து 200 மீட்டருக்குள் தொழில் செய்வது, பொது இடத்தில் ஆள் அழைப்பது எல்லாம் குற்றம்.

எழுத்தில் படித்தால் நியாயமாகத்தான் தெரியும். சிக்கல் விளக்கங்களில் இருக்கிறது. ‘விடுதி’ என்பதற்கு 2வது பிரிவு தரும் விளக்கத்தில், இன்னொருவர் லாபத்துக்காகப் பயன்படும் இடம் மட்டுமின்றி, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பாலியல் தொழிலாளர்கள் தங்கள் பரஸ்பர லாபத்துக்காகப் பயன்படுத்தும் அறையும் வருகிறது. புரோக்கரே வேண்டாம் என்று இரண்டு பெண்கள் சேர்ந்து வாடகைக்கு வீடு பிடித்து, ஒருத்தி உள்ளே இருக்கையில் மற்றவள் வெளியே காவல் இருந்தால், இருவரும் விடுதி நடத்தியவர்கள் ஆகலாம். முதல் தண்டனையே ஒரு வருடத்துக்குக் குறையாமல் மூன்று வருடம் வரை. பாதுகாப்புக்காகச் செய்கிற ஏற்பாடே குற்றத்தின் உறுப்பாகிவிடுகிறது. தனியாகப் போனால் அடி வாங்க வேண்டும், சேர்ந்து இருந்தால் கேஸ் வாங்க வேண்டும், இரண்டும் வேண்டாமென்றால் புரோக்கரிடம் போய் நிற்க வேண்டும். புரோக்கரை ஒழிக்க வந்த சட்டம் அவரைத் தேவையானவர் ஆக்கிவிட்டது.

வருமானத்தில் பிழைப்பது பற்றிய 4வது பிரிவு இன்னும் விசித்திரம். தெரிந்தே அந்த வருமானத்தில் முழுவதுமாகவோ ஓரளவோ வாழும் 18 வயது தாண்டிய எவரும் குற்றவாளி. கல்லூரிக்குப் போகும் மகன், மருந்து மாத்திரை வாங்கித் தரச் சொல்லி மகளிடம் இருக்கும் வயதான தாய் இருவரும் எழுத்தின்படி உள்ளே வருகிறார்கள். அவர்கள்மீது வழக்கு வருவது அபூர்வம்தான். ஆனால் வழக்குப் போட முடியும் என்பதே மிரட்டலுக்குப் போதுமானது.

ரெய்டு எப்படி நடக்க வேண்டும் என்பதற்கும் விதிகள் உண்டு. வாரண்ட் இல்லாமல் சோதனை போட சிறப்புக் காவல் அதிகாரிக்கு 15வது பிரிவு அதிகாரம் தருகிறது. ஆனால் அதற்கான காரணத்தை முதலில் எழுதி வைக்க வேண்டும். அந்தப் பகுதியில் மதிக்கத்தக்க இருவரைச் சாட்சிக்கு அழைக்க வேண்டும், ஒருவராவது பெண். கூடவே இரண்டு பெண் போலீசாவது வர வேண்டும். மீட்ட பெண்களை உடனே மாஜிஸ்திரேட் முன் நிறுத்தி, வயதறியவும் காயம் இருக்கிறதா என்று பார்க்கவும் டாக்டரிடம் காட்ட வேண்டும். பெண்களை விசாரிப்பது பெண் போலீசாகவோ, பெண்கள் நல அமைப்பைச் சேர்ந்த ஒரு பெண் உடனிருந்தோ நடக்க வேண்டும். நடைமுறையில் வாடிக்கையாளர் வேஷத்தில் ஒருவரை அனுப்பி, எண் குறித்துவைத்த நோட்டைக் கொடுத்து, சிக்னல் வந்ததும் உள்ளே புகுவார்கள். எதிர்த் தரப்பு வக்கீல்கள் பெரும்பாலும் உடைப்பது இந்த இடத்தைத்தான். சாட்சிக்கு வந்தவர் வழக்கமாக அந்த ஸ்டேஷனுக்கே சாட்சி சொல்பவராக இருப்பார், அல்லது காரணம் எழுதிய நேரம் ரெய்டுக்குப் பிந்தியதாக இருக்கும். அப்படி உடைந்தால் புரோக்கர் தப்பிப்பார். அதே ரெய்டில் ‘மீட்கப்பட்ட’ பெண்ணுக்கு அந்த ஓட்டையால் பெரிய பயன் இல்லை. அவள் போகும் பாதை வேறு.

பிரிவு 17

மாஜிஸ்திரேட் முன் நிற்கும் பெண்ணை இந்தச் சட்டம் இரண்டு விதமாகத்தான் பார்க்கும். ஆள் அழைத்தாள் என்று வழக்குப் போட்டிருந்தால் அவள் குற்றவாளி. விடுதியிலிருந்து மீட்கப்பட்டிருந்தால் பாதிக்கப்பட்டவள். எது நல்லது என்று யாரைக் கேட்டாலும் இரண்டாவதையே சொல்வார்கள். கணக்கைப் பாருங்கள்.

ஆள் அழைத்த குற்றத்துக்கு 8வது பிரிவின்படி முதல் தடவை அதிகபட்சம் ஆறு மாதச் சிறை, அல்லது 500 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ‘ஆமாம், செய்தேன்’ என்று ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால் பெரும்பாலும் அன்று மாலையே வீட்டுக்குப் போய்விடலாம். சில சமயம் நீதிமன்றம் சிறைக்குப் பதில் திருத்த நிலையத்துக்கு அனுப்பலாம், அது இரண்டிலிருந்து ஐந்து வருடம். மீட்கப்பட்டவளுக்கு 17வது பிரிவு. விசாரணை நடக்கும்போது மூன்று வாரம் வரை பாதுகாப்புக் காவல். நன்னடத்தை அலுவலர் அவளுடைய வயது, குணம், பழைய வாழ்க்கை, அவளைக் கூட்டிப்போகப் பெற்றோரோ கணவரோ தகுதியானவர்களா, வீட்டுச் சூழல் அவளை எப்படிப் பாதிக்கும் என்றெல்லாம் விசாரித்து அறிக்கை தருவார். அவளுக்குப் பராமரிப்பும் பாதுகாப்பும் தேவை என்று மாஜிஸ்திரேட் முடிவு செய்தால் ஒரு வருடத்துக்குக் குறையாமல் மூன்று வருடம் வரை காப்பகம். குற்றவாளிக்கு 500 ரூபாய், பாதிக்கப்பட்டவளுக்கு மூன்று வருடம். குற்றமே செய்யாதவர்கள் குற்றத்தை ஒப்புக்கொள்ள முந்துவதற்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை.

அந்த விசாரணைப் பட்டியலைத் திரும்பப் படியுங்கள். வயது, குணம், முன்கதை, பெற்றோர், கணவர், வீடு எல்லாம் இருக்கின்றன. அவள் என்ன விரும்புகிறாள் என்பது தனிக் கேள்வியாக அதில் இல்லை. தன் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்று ஒரு வரி உண்டு. சொன்னதற்கு எவ்வளவு எடை என்று சட்டம் சொல்லவில்லை. 35 வயதுப் பெண்ணை அழைத்துப்போக அவளுடைய அப்பா ரேஷன் கார்டும் ஆதாரும் எடுத்துக்கொண்டு வர வேண்டியிருக்கிறது. ஊரில் ஜவுளிக்கடையில் வேலை என்று சொல்லிவிட்டு வந்தவளின் வீட்டுக்கு நன்னடத்தை அலுவலர் போய் விசாரித்தால் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். பலர் வீட்டு முகவரியையே தவறாகச் சொல்வது இதனால்தான். முகவரி தவறு என்றால் அறிக்கை வராது, அறிக்கை வராவிட்டால் விடுதலை தள்ளிப்போகும். இந்த இடைவெளியில் ‘நான் அவள் சித்தப்பா’ என்று சொல்லிக்கொண்டு வந்து நிற்பது சில சமயம் பழைய புரோக்கரேதான். அதைத் தடுக்கத்தான் உறவினரின் உண்மைத்தன்மையைச் சரிபார்க்கச் சொல்லி 17ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். அந்தச் சரிபார்ப்புக்கும் நாள் பிடிக்கும்.

மும்பையில் 2019இல் நடந்த வழக்கு இதை முழுசாகக் காட்டுகிறது. மலாடில் நடந்த ரெய்டில் மூன்று பெண்கள் பிடிபட்டார்கள். வயது 20, 22, 23. அவர்கள்மேல் எந்தக் குற்றச்சாட்டும் இல்லை. அவர்கள் பேடியா சமூகத்தைச் சேர்ந்தவர்கள், அங்கே பெண்களைத் தொழிலுக்கு அனுப்பும் வழக்கம் உண்டு, ஆகவே பெற்றோரிடம் அனுப்புவது நல்லதல்ல என்று நன்னடத்தை அலுவலரின் அறிக்கை சொன்னது. உத்தரப் பிரதேசத்தில் ஒரு காப்பகத்தில் ஒரு வருடம் வைத்துத் தொழிற்பயிற்சி கொடுக்கும்படி அக்டோபரில் மாஜிஸ்திரேட் உத்தரவிட்டார். செஷன்ஸ் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2020 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி பிருத்விராஜ் சவாண் அந்த உத்தரவுகளை ரத்து செய்தார். இந்தச் சட்டத்தில் தொழில் செய்வது குற்றமல்ல, இவர்கள் மேஜர், விரும்பிய இடத்தில் வாழவும் தொழிலைத் தேர்ந்தெடுக்கவும் இவர்களுக்கு உரிமை உண்டு, இவர்கள் விருப்பத்தைக் கேட்காமல் அடைத்திருக்கக் கூடாது என்றார். சட்ட மாணவர்கள் எல்லாரும் மேற்கோள் காட்டும் நல்ல தீர்ப்பு. மாதங்களை மட்டும் எண்ணிப் பாருங்கள். மாஜிஸ்திரேட் விதித்த ஒரு வருடம் முடிய ஏறக்குறைய ஒரு மாதம்தான் பாக்கி. மூன்று பெண்களும் வழக்கில் ஜெயித்தார்கள். காவலையும் கிட்டத்தட்ட முழுக்க அனுபவித்தார்கள்.

‘காப்பகத்தில் சாப்பாடு போட்டு, தையல் கற்றுக்கொடுக்கிறார்கள், அதிலென்ன குறை?’ என்பது வழக்கமாக வரும் கேள்வி. கற்றுக்கொடுப்பதில் குறையில்லை. வெளிக்கதவைப் பூட்டிக்கொண்டு கற்றுக்கொடுப்பதில்தான் குறை. பட்டாசு ஆலையில் உயிரைப் பணயம் வைத்து வேலை செய்பவர் வறுமையால்தான் அங்கே போகிறார் என்பது நமக்குத் தெரியும். அதற்காக அவரைப் பிடித்து மூன்று வருடம் உள்ளே வைத்து ஊதுபத்தி உருட்டப் பழக்குவோமா? அந்தக் காலத்தில் ஊரில் அவருடைய பிள்ளைகளுக்கு யார் பணம் அனுப்புவது, சீட்டுத் தவணையை யார் கட்டுவது? இதற்கெல்லாம் 17வது பிரிவில் பதில் கிடையாது.

சென்னையில் எடுத்த ரத்தம்

இந்தியாவில் எச்ஐவி முதலில் கண்டறியப்பட்ட கதை தமிழ்நாட்டில் பலருக்குத் தெரியும். 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனின் யோசனைப்படி அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலா ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். வேலூர் சிஎம்சியில் சோதித்ததில் ஆறு மாதிரிகள் பாசிட்டிவ். கையுறைகூட இல்லாமல், மாதிரிகளை வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்திருந்து நிர்மலா செய்த வேலைக்கு இந்த நாடு கடன்பட்டிருக்கிறது. அதில் சந்தேகமில்லை. அந்த ரத்தம் எங்கிருந்து வந்தது என்பதுதான் நாம் கடந்துபோகும் பகுதி. சென்னையில் அப்போதும் சிவப்பு விளக்குப் பகுதி என்று தனியாக ஒன்று இல்லை. அதனால் பிடிபட்டு, ஜாமீன் கட்ட வழியில்லாமல் விஜிலென்ஸ் ஹோம் என்ற காப்பகத்தில் அடைபட்டிருந்த பெண்களிடம் ரத்தம் எடுக்கப்பட்டது. எதற்கு எடுக்கிறார்கள் என்று அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. வழக்கமான பால்வினை நோய்ச் சோதனை என்று நினைத்திருந்தார்கள்.

அன்றைய மருத்துவ வழக்கத்தில் அது பெரிய விஷயமல்ல என்று வாதிடலாம். அடுத்து நடந்ததற்கு அந்த வாதம் பொருந்தாது. 1990இல் மும்பை விடுதிகளிலிருந்து தமிழ்ப் பெண்கள் நூற்றுக்கணக்கில் ‘மீட்கப்பட்டு’ ரயிலில் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அந்தக் காலகட்டத்தில் காப்பகத்தில் எச்ஐவி இருந்த பெண்கள் தண்டனைக் காலம் முடிந்தும் வெளியே விடப்படவில்லை. தொற்றுப் பரவிவிடும் என்பது காரணம். சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்ட பிறகுதான் அவர்கள் வெளியே வந்தார்கள். பரப்புவதில் பங்குள்ள வாடிக்கையாளர் எவரையும் பிடித்து அடைக்க வேண்டும் என்று அரசுக்குத் தோன்றவில்லை. அடைப்பதற்கு ஏற்கெனவே ஒரு கட்டடமும் உள்ளே ஆட்களும் இருந்தார்கள், ரத்தம் எடுக்கவும் அதுவே வசதி, பிறகு வைத்துக்கொள்ளவும் அதுவே வசதி.

எதற்குச் சம்மதம்

சம்மதம் பற்றிய நம் பேச்சு பெரும்பாலும் ‘இந்தத் தொழிலுக்கு வர யாராவது சம்மதிப்பார்களா’ என்ற கேள்வியிலேயே முடிந்துவிடும். தொழிலில் இருப்பவர்களுக்குச் சம்மதம் ஒவ்வொரு தடவையும் புதிதாக வரும் சமாச்சாரம். எவ்வளவு பணம், எவ்வளவு நேரம், எந்த இடம், என்ன செய்யலாம், என்ன கூடாது, எத்தனை பேர், ஆணுறை கட்டாயம். வன்முறை நடப்பது பெரும்பாலும் இந்தப் பேச்சை மீறும்போதுதான். ஒருவர் என்று பேசிக் கூட்டிப்போன லாட்ஜ் அறையில் நான்கு பேர் இருப்பார்கள். நடுவில் ஆணுறையைக் கழற்றுவார்கள். மேஜைமேல் சும்மா வைத்ததுபோல ஃபோன் சாய்ந்திருக்கும். காசு கொடுத்தாயிற்றே என்ற பதில் இவை அனைத்துக்கும் தயாராக இருக்கும்.

காசு கொடுத்ததால் சம்மதம் ஆகிவிடாது என்பது சட்டத்திலேயே இருக்கிறது. பலரும் பார்க்காமல் போகும் இடம். ‘ஒழுக்கம் தவறியவள்’ என்று சொல்லப்படும் பெண்ணின் அந்தரங்கத்திலும் நினைத்தபோது நுழைய எவருக்கும் உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று 1991 சட்ட இதழ்களில் இருக்கிறது. வன்புணர்வு வழக்கில் புகார் கொடுத்தவரின் நடத்தையைக் கிளறி அவர் சொல்லை உடைக்க வழிசெய்த சாட்சியச் சட்ட வாசகம் 2003இல் நீக்கப்பட்டது. படம் எடுக்கச் சம்மதித்தாலும் அதைப் பரப்பச் சம்மதிக்கவில்லையென்றால், பரப்புவது குற்றம் என்று, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 77வது பிரிவின் விளக்கம் நேரடியாகவே சொல்கிறது. இணையத்தில் ஏறிவிட்ட படத்தை நீக்க, பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் வேறொருவரோ அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்குப் புகார் அனுப்பினால் 24 மணி நேரத்துக்குள் நடவடிக்கை வேண்டும் என்று 2021 விதிகள் கெடு வைத்தன. ‘அவர் சார்பில்’ என்பது இங்கே முக்கியம். பெயர் வெளியே வராமல் ஒரு தோழியோ அமைப்போ அனுப்பலாம். லிங்க்கை முழுசாகக் காப்பி எடுத்து, தேதியும் நேரமும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகே புகார் அனுப்ப வேண்டும். முதலில் நீக்கச் சொல்லிவிட்டுப் பிறகு போலீசுக்குப் போனால் காட்ட ஒன்றும் மிஞ்சாது. ஆபாசப் படத் தொழில் பற்றிப் பேசுபவர்கள் திரையில் தெரியும் பெண் பணம் வாங்கியிருப்பாள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அவளைப் படம் பிடிப்பதற்கென்று யாரும் பணமே கொடுக்காத படங்கள் இங்கே ஏராளமாக ஓடுகின்றன.

பேசிய பணத்தைத் தராமல் போனால்? ஒன்றும் செய்ய முடியாது. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 23வது பிரிவில், ஒழுக்கத்துக்கு விரோதமான ஒப்பந்தம் செல்லாது என்கிறது. நியூசிலாந்து 2003இல் இதற்கு வேறு வழி கண்டது. பேசிய பணம் சட்டப்படி செல்லும். ஆனால் ஒப்பந்தம் போட்டதே உடலுறவுக்குச் சம்மதம் ஆகாது, எந்த நிமிடத்திலும் மறுக்கலாம் என்று சட்டத்தின் 17வது பிரிவிலேயே எழுதி வைத்தார்கள். (எண் ஒன்றாக இருப்பது தற்செயல்தான்.) நான்கு பேர் வரை முதலாளி இல்லாமல் சேர்ந்து தொழில் நடத்த அங்கே உரிமச் சான்று தேவையில்லை. அதே ஏற்பாட்டை இங்கே இரண்டு பேர் செய்தால் விடுதி. ஸ்வீடன் 1999இலிருந்து விற்பவரை விட்டுவிட்டு வாங்குபவரைத் தண்டிக்கிறது. வாங்குபவர் பயந்தால் பேரம் அவசரமாகும், இடம் இருட்டாகும் என்பது தொழிலாளர் அமைப்புகளின் ஆட்சேபம், அது எனக்குச் சரியாகவே படுகிறது.

இங்கே வாங்குபவரின் நிலை இன்னும் தெளிவில்லை. மசாஜ் சென்டர் ரெய்டில் பிடிபட்ட ஒரு வாடிக்கையாளர்மீதான வழக்கை 2022 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. வாடிக்கையாளர் பணம் கொடுப்பதன் மூலம் பெண்ணைத் தொழிலுக்குத் தூண்டுகிறார், ஆகவே ஐடிபிஏவின் 5வது பிரிவு அவருக்குப் பொருந்தும் என்று 2025 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. வாளையாறுக்கு இந்தப் பக்கம் ஒரு சட்டம், அந்தப் பக்கம் ஒரு சட்டம்.

கடத்தலும் கடனும்

இவ்வளவும் சொன்ன பிறகு, கடத்தப்பட்டவர்களைப் பற்றிப் பேசாமல் போவது நேர்மையல்ல. 18 வயதுக்குக் கீழே சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. போக்சோ சட்டம் அதில் தெளிவு. பெரியவர்களிலும் முன்பணம் வாங்கி வட்டியில் மாட்டியவர்கள், ஃபோனையும் அடையாள அட்டையையும் பறிகொடுத்து அறையில் கிடப்பவர்கள் உண்டு. போலீஸ் கதவைத் தட்டாவிட்டால் அவர்களுக்கு வழியில்லை. ரெய்டே கூடாது என்று சொல்பவர்கள் இந்தப் பெண்களை மறந்துவிடுகிறார்கள். ஆனால் ஒரே அறையில் கட்டாயத்தில் இருப்பவளும் விரும்பி இருப்பவளும் இருந்தால் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? இதற்குச் சட்டத்தைவிட நல்ல விடை வைத்திருப்பது கொல்கத்தாவின் சிவப்பு விளக்குப் பகுதியான சோனாகாச்சி.

அங்கே தர்பார் அமைப்பின் சுய ஒழுங்குக் குழுக்கள் 1990களின் கடைசியிலிருந்து இயங்குகின்றன. உறுப்பினர்களில் பெரும்பான்மை தொழிலாளர்கள். டாக்டர், வக்கீல், உள்ளூர்ப் பிரமுகர் என்று சிலரும் இருப்பார்கள். புதிதாக ஒரு பெண் அந்தத் தெருவுக்கு வந்தால் அக்கம்பக்கத்தாரே குழுவிடம் சொல்லிவிடுவார்கள். விடுதிக்காரியோ கூட்டிவந்தவரோ இல்லாமல் அவளைத் தனியாக உட்காரவைத்துப் பேசுவார்கள். யார் கூட்டிவந்தது, யாருக்காவது கடன் இருக்கிறதா, வீட்டுக்குப் போக விருப்பமா, இந்த வேலையில் என்ன நடக்கும் என்று தெரியுமா என்று விசாரிப்பார்கள். வயதில் சந்தேகம் இருந்தால் எலும்பு எக்ஸ்ரே. எக்ஸ்ரேயில் இரண்டு வருடம் இப்படியோ அப்படியோ தப்பலாம் என்பது நீதிமன்றங்களே ஏற்ற விஷயம். அதனால் ‘பதினெட்டரை’ என்று வரும் ரிப்போர்ட்டை அப்படியே நம்பிவிட முடியாது. மைனர் என்றாலோ விருப்பமில்லை என்றாலோ வீட்டுக்கோ குழந்தைகள் நலக் குழுவிடமோ அனுப்பிவைப்பார்கள். குறைகள் உண்டு. தெரு முழுவதையும் குழுவால் கண்காணிக்க முடியாது, விடுதிக்காரிகளின் செல்வாக்கும் சும்மா இருக்காது. ஆனால் இதை ஒரு ரெய்டோடு ஒப்பிடுங்கள். ரெய்டில் பெண்ணிடம் முதல் கேள்வியைக் கேட்பவர் அவளை வேனில் ஏற்றியவர்.

சென்னை மாதிரி ஊரில் இது கஷ்டம். தெரு இல்லை, எல்லாம் ஃபோனும் லாட்ஜும் வாடகை வீடும். எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டங்களில், இதே தொழிலிலிருந்து வந்து சகப் பெண்களிடம் பேசும் ஊழியர்களாக இருக்கும் பெண்களுக்கே யார் எங்கே, யார் புதுசு, யார் முகத்தில் பயம் என்று தெரியும். காப்பகத்துக்குள் போய்ப் பேச அவர்களுக்கு அனுமதி கிடைப்பது அந்தந்த அதிகாரியின் மனசைப் பொறுத்தது.

2012 டிசம்பரில் டெல்லியில் நடந்த கூட்டு வன்புணர்வுக்குப் பிறகு, 2013இல் வந்த அவசரச் சட்டத்தில் கடத்தலின் விளக்கத்துக்குள் ‘விபசாரம்’ என்பதையே சேர்த்துவிட்டார்கள். தொழிலாளர் அமைப்புகள் எதிர்த்தன. தாங்கள் நினைத்தது விரும்பித் தொழில் செய்பவர்களை அல்ல என்று, அந்தச் சம்பவத்துக்குப் பின் சட்டத் திருத்தங்களைப் பரிந்துரைத்த வர்மா குழுவே விளக்கம் எழுதியது. நாடாளுமன்றத்தில் சட்டமானபோது அந்தச் சொல் நீங்கியது. அது நீங்கிய பிறகும் ஐடிபிஏ நீங்கவில்லை. 2018இல் மக்களவையில் நிறைவேறிய ஆள் கடத்தல் தடுப்பு மசோதா மாநிலங்களவையில் நிறைவேறாமல் மறு வருடம் காலாவதியானது.

இருக்கிற சட்டத்துக்குள்ளேயே

புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலைகள் சில இருக்கின்றன. 17வது பிரிவின் 5வது உட்பிரிவில், மாஜிஸ்திரேட் தனக்கு உதவியாக ஐந்து பேர் கொண்ட குழுவை அழைக்கலாம், முடிந்தவரை அதில் மூவர் பெண்களாக இருக்க வேண்டும் என்று இருக்கிறது. அந்த ஐவரில் ஒருவராகப் பாலியல் தொழிலாளர் அமைப்பைச் சேர்ந்தவரைச் சேர்க்கக் கூடாது என்று சட்டத்தில் எங்கும் இல்லை. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாக, பெண்ணுக்கென்று தனி வக்கீல் முதல் நாளே வேண்டும். இப்போது புரோக்கர் ஏற்பாடு செய்யும் வக்கீல்தான் இருவருக்கும் ஆஜராகிறார், அவருடைய அக்கறை யார்மேல் என்று சொல்ல வேண்டியதில்லை. நன்னடத்தை அலுவலர் வீட்டு வாசலுக்குப் போகும் முன், போகலாமா என்று அவளிடம் கேட்டு, வேண்டாமென்றால் அதையும் அறிக்கையில் எழுதலாம். காப்பகத்துக்கு அனுப்பும் உத்தரவுக்கு எதிராக செஷன்ஸ் நீதிமன்றத்தில் மேல்முறையீடு உண்டு என்பதை உத்தரவிலேயே தமிழில் ஒரு வரி சேர்த்து, அவளுக்குப் படித்துக் காட்டி, நகல் கையில் கொடுக்கலாம். மும்பைப் பெண்களின் மேல்முறையீட்டைப் பார்த்த பிறகு, அந்த மனுவை முடிக்க இத்தனை நாள் என்று ஒரு கெடுவும் வைத்தாக வேண்டும். 2022 உத்தரவு கேட்ட காப்பகக் கணக்கெடுப்பை ஒவ்வொரு மாவட்டமும் எப்போது முடித்தது, உள்ளே எத்தனை மேஜர் பெண்கள் இருக்கிறார்கள், அவர்களில் எத்தனை பேர் போக வேண்டும் என்று சொன்னார்கள் என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் சமூக நலத் துறையிடம் கேட்கலாம். விண்ணப்பக் கட்டணம் பத்து ரூபாய். பெயர்களைக் கேட்காதீர்கள், எண்ணிக்கையும் தேதியும் மட்டும் கேளுங்கள். பெயர் கேட்டால் தனிப்பட்ட விவரம் என்று மறுத்துவிடுவார்கள், மறுப்பதும் நியாயம்தான்.